வேற்றுலக மாந்தரும் கரிசல் மண்ணும்

(இளங்கலை வரலாறு, மூன்றாமாண்டு)

கற்பனைக்கு எல்லை இல்லை என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். என்னைக் கேட்டால் கற்பனைக்கும் எல்லை உண்டு என்பேன். கற்பனை செய்கிறவன் தன் வாழ்நாளில் எவற்றையெல்லாம் உற்றுப் பார்த்திருக்கிறானோ, அவையே அந்த எல்லை. சித்திரக்கதை வரையும் நம் நண்பர்களை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

இன்று நம் வகுப்புகளில் படம் வரையும் கை வாய்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். பத்திரிகை அலுவலகத்திற்குப் படத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம் போயிற்று. கைப்பேசியிலேயே வரைந்து, வாரம் ஒரு பக்கமாக இணையத்தில் தாமே வெளியிடும் காலம் இது. இவர்களில் பலருக்கும் பிடித்த களம் விண்வெளி. ஆனால் இவர்கள் படைக்கும் வேற்றுக்கோள் மாந்தரைப் பாருங்கள்: பெரிய தலை, பாதாம்பருப்புப் போன்ற கண்கள், பச்சையோ சாம்பலோ நிறமுள்ள தோல், உடம்போடு ஒட்டிய உடை. எல்லாம் ஒரே அச்சு. அந்த மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? கடன் வாங்கினால் எப்படித் திருப்பித் தருகிறார்கள்? இறந்தவரை என்ன செய்கிறார்கள்? விருந்தாளி வந்தால் முதலில் எதைக் கொடுக்கிறார்கள்? இவற்றிற்கு வரைந்தவரிடம் விடை இல்லை. தோலுக்கு நிறம் கொடுத்தவர்கள் வாழ்க்கைக்கு நிறம் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

வேற்றுலகப் பண்பாடு ஒன்றைப் படைக்க விரும்புகிறவர் முதலில் தம் மண்ணின் பண்பாட்டைப் பாடமாகப் பயில வேண்டும். அதற்குக் கோவில்பட்டியையும் அதைச் சுற்றிய கரிசல் பூமியையும் போல் நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது என்பது என் துணிபு.

யார் யாரை வரைந்தார்கள்?

வரலாறு படிப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். வேற்றுலகத்தார் என்று இதுவரை வரையப்பட்டவர்கள் உண்மையில் யார்?

1902-ஆம் ஆண்டில் பிரான்சில் ஜார்ஜ் மெலியே சந்திரப் பயணம் பற்றி ஒரு திரைப்படம் எடுத்தார். அதில் வரும் சந்திரவாசிகள் ஈட்டி பிடித்துத் துள்ளிக் குதிக்கிறார்கள். பூமியிலிருந்து சென்ற பேராசிரியர் தம் குடையால் ஓர் அடி கொடுத்தால் புகையாகிப் போகிறார்கள். அந்த ஈட்டியும் துள்ளலும் சந்திரனிலிருந்து வந்தவை அல்ல. ஐரோப்பியர் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் பிடித்து ஆண்ட நாளில், ஆளப்பட்ட மக்களைப் பற்றி அவர்கள் மனத்தில் பதிந்திருந்த படம் அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1898-இல், எச். ஜி. வெல்ஸ் செவ்வாய்க் கோளத்தார் இங்கிலாந்தின்மேல் படையெடுக்கும் கதையை நூலாக வெளியிட்டார். அவர் நேர்மையானவர். டாஸ்மேனியத் தீவின் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்த கொடுமையை முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டிவிட்டுத்தான் செவ்வாய்க்காரரின் கொடுமையைச் சொல்லத் தொடங்குகிறார்.

நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய இதழ்களையும் புரட்டிப் பார்க்கலாம். ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் வந்தாரே, அந்த முகமூடி வீரரை அமெரிக்காவின் லீ ஃபாக் 1936-இல் படைத்தார். காட்டில் குள்ளர்கள் அவருக்குக் காவல் நிற்பார்கள். அவருடைய பரம்பரைப் பகைவர்களான கடற்கொள்ளையர் கூட்டத்திற்கு ‘சிங்’ என்று நம் நாட்டுப் பெயரே சூட்டப்பட்டிருக்கும். நாம் விரும்பிப் படித்த கதைகளில் நாமே வேற்றுலகத்தாராக வரையப்பட்டிருக்கிறோம். கவனிக்காமல் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்.

இன்று எழுதுகோல் நம் கைக்கு வந்திருக்கிறது. நம் ஓவியர் ஒருவர் ‘காட்டுமிராண்டிக் கோள்’ ஒன்றை வரைந்து, அதன் மக்களுக்குத் தலையில் இறகும் கழுத்தில் எலும்பு மாலையும் போட்டால், அவர் யாரை வரைகிறார்? மேற்கு மலையில் வாழும் பளியரும் காணிக்காரரும் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நமக்கு மற்றவர் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்வது கலையாகாது.

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. ஐப்பசி அடைமழையில் கரிசல் காட்டுப் பாதையில் செருப்போடு நடக்க முடியாது. நாலு எட்டு வைத்தால் காலுக்குக் காற்படி மண் ஒட்டிக்கொள்ளும், செருப்பு அறுந்துபோகும். ஆகவே நாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். அந்த நேரம் பார்த்து வேற்றுக்கோள் ஓவியர் ஒருவர் இங்கே இறங்கினால், ‘இம்மக்கள் தோலால் செய்த அணி ஒன்றைக் கையில் அணிகிறார்கள், இது மழைக்கடவுளுக்குச் செய்யும் மரியாதையாக இருக்கலாம்’ என்று குறிப்பெழுதிக்கொண்டு போவார். மண்ணைத் தெரியாமல் மனிதரை வரைந்தால் இப்படித்தான் முடியும்.

சிவகாசி தந்த விருந்து

தமிழ்ச் சித்திரக்கதையின் வரலாற்றில் நம் பகுதிக்குத் தனி இடம் உண்டு. பக்கத்துச் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழுக்காக உருவானவர். அவருக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ. ஸ்பானியர் வரைய, ஆங்கிலேயர் எழுத, சிவகாசியில் தமிழாகி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகள்வரை படித்தார்கள் என்பது சாதாரணச் செய்தியன்று.

அந்த மொழிபெயர்ப்பாளர்களின் ஒரு சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆர்ச்சி என்ற இயந்திர மனிதனுக்கு லயன் காமிக்ஸில் ‘சட்டித்தலையன்’ என்று பட்டம் வைத்தார்கள். அடுப்படிச் சட்டி ஒன்றை எடுத்து அந்த இரும்பு மனிதன் தலையில் கவிழ்த்தவுடன், அவன் நம் தெருப்பிள்ளை ஆகிவிட்டான். அந்நியமான ஒன்றை நம்முடையதாக்க அகராதியைவிட அடுப்படி நன்றாக உதவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் ஒரு குறை உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் நாம் படித்த வேற்றுலகங்களில் பெரும்பாலானவை பிற மொழியினர் படைத்தவை. விருந்து சாப்பிட்டோம், உலை வைக்கப் பழகவில்லை. மற்றவர்கள் பழகியிருக்கிறார்கள். வங்கத்தில் சத்யஜித் ராய் 1962-இலேயே வேற்றுக்கோளிலிருந்து வந்த ஒருவர் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு நண்பராவதைச் சிறுகதையாக எழுதினார். பின்னர் 1967-இல் அவர் எழுதிய திரைக்கதையில் விண்கலம் வங்க கிராமத்துத் தாமரைக் குளத்தில் விழுகிறது. ஊரார் அதைக் குளத்துக்குள்ளிருந்து எழும் கோயில் என்று எண்ணி வணங்குகிறார்கள். படம் எடுக்கப்படவில்லை, ஆனால் அந்த எண்ணம் எவ்வளவு இயல்பானது! நம் ஊர்க் கண்மாயில் விழுந்தாலும் அதுதானே நடக்கும்? கேரளத்தில் பிறந்த ஓவியர் அப்புப்பன், ‘ஹலாஹலா’ என்ற தனி உலகத்தையே வரைந்து வருகிறார். அவ்வுலகத்தின் முதல் பெரிய நூலான ‘மூன்வார்டு’ 2009-இல் சென்னையிலிருந்துதான் வெளிவந்தது. ஆகவே வழி அடைபட்டுக் கிடக்கவில்லை.

ஒரு மாற்றம், பல விளைவுகள்

நல்ல வேற்றுலகத்தை எப்படிக் கட்டுவது? பெரிய எழுத்தாளர்கள் கையாண்ட முறை எளிமையானது. நம் உலகத்தில் ஒன்றே ஒன்றை மாற்று. அந்த மாற்றத்தின் விளைவுகளைக் கடைசிவரை பின்தொடர். அமெரிக்காவின் அர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய நாவலில், மக்கள் ஆண் என்றும் பெண் என்றும் நிலையாகப் பிரியாத ஒரு பனி உலகத்தைப் படைத்தார். அந்த ஒரு மாற்றத்திலிருந்து அரசியல், உறவுமுறை, சண்டை, சமாதானம் எல்லாம் வேறாகின்றன. அவர் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலாளர் என்பதை இங்கே நினைக்க வேண்டும். பிற மக்களின் வாழ்வை மதித்துக் குறிப்பெடுக்கும் வீட்டில் வளர்ந்தவர் அவர்.

ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் ‘டியூன்’ நாவல் 1965-இல் வெளிவந்தது. ஆரிகன் மாநிலத்துக் கடலோர மணல்மேடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவருக்கு அங்கிருந்தே கதை பிறந்தது. அந்தப் பாலைக் கோளில் தண்ணீர்தான் செல்வம். ஒருவர் முன் எச்சில் துப்பினால் அது மரியாதை. உடம்பின் நீரையே கொடுக்கிறார் அல்லவா! இறந்தவருக்காகக் கண்ணீர் விட்டால் அவருக்கு நீர் கொடுத்ததாக வியக்கிறார்கள். ஊருணித் தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற நம் பாட்டிமாருக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

நம் மண்ணை எடுத்துக்கொள்வோம். கரிசலில் உள்ள களிமண் நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேல்மண் அந்த வெடிப்புக்குள் விழுகிறது. மழை வந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ள, அடிமண் மேலே தள்ளப்படுகிறது. ‘தானே உழுதுகொள்ளும் மண்’ என்று இதைச் சொல்வதுண்டு. வீடு கட்டுகிறவர்கள் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு மணலோ சரளோ நிரப்பி அஸ்திவாரம் போடுவதும் இதனால்தான்.

இந்த ஒன்றை மட்டும் பெரிதாக்குவோம். ஒரு கோளில் ஆண்டுதோறும் நிலம் ஆளை விழுங்கும் அளவுக்குத் திறந்து, மழையில் மூடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வீட்டுக்கு அஸ்திவாரம் இருக்காது. கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும் வீடுகள் இருக்கும். எல்லைக்கல் நட முடியாது; ஆகவே நிலத்தகராறு தீர்க்கக் கல்லுக்குப் பதில் நினைவாற்றல் மிக்க கிழவிகள் வேண்டும். அவர்களே அந்த ஊரின் நீதிபதிகள். இறந்தவரைக் கோடை வெடிப்பில் இறக்குவார்கள். மழைக்காலத்தில் இறந்தவர் நிலம் திறக்கும்வரை வீட்டிலேயே காத்திருக்க வேண்டும். அத்தனை மாதம் பிணத்தோடு வாழும் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டார் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள்? கடன் வாங்கியவர் தொகையை வெடிப்புக்குள் வாய் வைத்துச் சொல்வார். நிலம் மூடுமுன் தீர்க்காவிட்டால் அந்தப் பேச்சு பூமிக்குள் போய்விடும், பிறகு தீர்க்கவே முடியாது என்று அஞ்சுவார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் புதைந்த ஒரு பாட்டியின் வளையல் ஒரு நாள் வேறொருவர் வாசலில் மேலே வருகிறது. அது யாருக்குச் சொந்தம்? இதோ, முதல் அத்தியாயம் கிடைத்துவிட்டது!

ஓவியருக்கு வேண்டியதும் இதற்குள்ளேயே இருக்கிறது. எல்லாச் சுவரிலும் கயிறு தேய்ந்த தடம் வரைய வேண்டும். எல்லார் காலிலும் பலகைபோல் அகன்ற செருப்பு வேண்டும். தொங்கும் நகை இருக்காது. இறுகக் கட்டிய நகையே இருக்கும். குழந்தைகள் இடுப்பில் கயிறு இருக்கும். அணிந்த அணி ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தால், படிப்பவர் காரணம் அறியாவிட்டாலும் நம்புவார்.

கண்ணுக்குத் தெரியாதவர்க்கு உருவம்

காணாத ஒன்றுக்கு உருவம் கொடுப்பது நம் ஊருக்குப் பழைய தொழில். ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். பின்னர் கோவில்பட்டியில் தங்கித் தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அவரும் டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் போன்ற அவர் மாணாக்கரும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகி எண்ணற்ற வீடுகளின் சுவரில் ஏறின. இன்று கண்ணை மூடி முருகனையோ மீனாட்சியையோ நினைத்தால் நம்மில் பலருக்குத் தோன்றும் முகம் கோவில்பட்டியில் எழுதப்பட்ட முகமே.

அதே ஊர்ப் புறத்தில் வேறொரு வழியும் உண்டு. சுடலைமாடன் கோயிலுக்குப் போங்கள். பல இடங்களில் முகமோ கையோ இல்லை; சுண்ணாம்பு பூசிய பீடம் ஒன்றுதான். ஆனால் இருட்டிய பின் அந்தப் பீடத்தின்முன் நிற்கத் துணிவு வேண்டும். புருவத்தின் வளைவுவரை காட்டுவது ஒரு கலை. ஒன்றுமே காட்டாமல் உணர்த்துவது இன்னொரு கலை. வேற்றுலகத்தை வரைகிறவர் இரண்டையும் கற்க வேண்டும். நம் நண்பர்கள் எல்லாவற்றையும் காட்டியே தீருவேன் என்று நிற்கிறார்கள்.

கழுகுமலையும் ஓர் ஆசான். மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செய்த வெட்டுவான் கோயில், கி.பி. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. அதே குன்றில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. அவற்றுள் குரத்தியர் என்னும் பெண் சமண ஆசிரியர் பெயர்களும் உண்டு. அடிவாரத்தில் முருகன் கோயில். ஒரு குன்றிலேயே இத்தனை சமயங்களும், இத்தனை காலங்களும், முடியாத வேலை ஒன்றும் இருக்கின்றன. நம் சித்திரக்கதைகளிலோ ஒரு முழுக் கோளுக்கே ஒரு மதம், ஓர் உடை, ஒரு பருவம்! உண்மையான பண்பாட்டில் பழையதும் புதியதும் கலந்து கிடக்கும். பாதியில் நின்ற வேலை இருக்கும். தாத்தா ஒன்று சொல்லப் பேரன் வேறொன்று சொல்வான்.

இரண்டு அகராதிகள்

மொழிக்கு வருவோம். கி. ராஜநாராயணன் இடைசெவல் கிராமத்துக்காரர். அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மார்க் ஓக்ராண்ட் ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படங்களில் வரும் கிளிங்கான் இனத்தாருக்காக ஆக்கிய மொழியின் அகராதி 1985-இல் வெளிவந்தது. முன்னது இருக்கும் மக்களுக்கு. பின்னது இல்லாத மக்களுக்கு. ஓக்ராண்ட் வெறும் கற்பனையிலிருந்து அந்த மொழியை இறக்கவில்லை. கலிபோர்னியப் பழங்குடி மொழியாகிய முட்சுனை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். இருக்கும் மொழியை அறிந்தவருக்கே இல்லாத மொழி வசப்பட்டது.

நம் பேச்சையே பாருங்கள். ஒரு மரம்கூட இல்லாத பருத்தி நிலத்தை நாம் ‘காடு’ என்கிறோம். ‘காட்டுக்குப் போயிருக்கார்’ என்றால் களை வெட்டப் போயிருக்கிறார் என்று பொருள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது ‘வெஞ்சனம்’. ஒரு சொல் ஒரு மக்களின் வரலாற்றையே சுமக்கிறது. வேற்றுலகத்தாருக்கு வாயில் நுழையாத பெயர் வைப்பதைவிட, இப்படிப் பொருள் திரிந்த சொற்கள் பத்து வைத்தால் அவர்களுக்கு உயிர் வந்துவிடும்.

இரண்டு மறுப்புகள்

‘அப்படியானால் நம் கிராமத்தையே விண்வெளியில் ஒட்டிவிட்டால் போதுமா?’ என்று சிலர் கேட்கலாம். போதாது. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கதாநாயகன் வளர்ந்த வீடு, துனீசியாவின் மட்மாத்தா ஊரில் வெயிலுக்குப் பயந்து மக்கள் நிலத்தைத் தோண்டி அமைத்த குழிவீடுகளில் ஒன்று. அந்நாட்டுத் தத்தாவின் என்ற ஊர்ப் பெயரே கோளின் பெயருக்கும் வழிகாட்டியது. உலகமே அந்த வீட்டைப் பார்த்து வியந்தது. அதைத் தோண்டிய பெர்பர் மக்களைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்? வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஏன் அப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டால் அது கடன். கடனில் நன்றியும் இல்லாவிட்டால் அது களவு. நாம் எடுக்க வேண்டியது காரணத்தை. காரணத்தை எடுத்தவர் உருவத்தைத் தாமே படைத்துக்கொள்வார்.

‘இவ்வளவு பாடு எதற்கு? செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் நூறு வேற்றுலகத்தாரை வரைந்து தருகிறதே’ என்பது இரண்டாவது மறுப்பு. தருகிறது, உண்மை. ஆனால் ஏற்கெனவே வரையப்பட்ட படங்களிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் அது தருகிறது. வரையப்பட்டவற்றில் கரிசல் எவ்வளவு? வெடிப்புக்குள் கடனைச் சொல்லும் கிழவர் எத்தனை பேர்? யாரும் வரையாததை வரையும் பொறுப்பு இன்னும் மனிதரிடமே இருக்கிறது. நாம் வரையாவிட்டால் நாளைய இயந்திரமும் நம்மை அறியாது.

மாணவ நண்பர்களே, நம் கல்லூரியில் புவியியல் இருக்கிறது, தாவரவியல் இருக்கிறது, வரலாறும் தமிழும் இருக்கின்றன. ஒரு சித்திரக்கதைக்காக இத்துறை மாணவர்கள் நால்வர் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு கோளையே கட்டிவிடலாம். மண்ணைப் புவியியல் மாணவர் சொல்லட்டும். அதில் விளைவதைத் தாவரவியல் மாணவி சொல்லட்டும். சொற்களைத் தமிழ் மாணவர் தேடட்டும். பழைய சண்டைகளை நாங்கள் சொல்கிறோம். ஆசிரியப் பெருமக்கள், கதைப்படம் என்று ஒதுக்காமல், இதற்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கித் தந்தால் போதும். அடுத்த ஆண்டு மலரில் இந்தப் பக்கங்களில் கட்டுரைக்குப் பதில் அந்தக் கோளின் முதல் நான்கு பக்கங்கள் அச்சேற வேண்டும் என்பது என் ஆசை. வளையல் யாருக்குச் சொந்தம் என்பதை அந்தக் கிழவிகளே தீர்த்து வைக்கட்டும்.